ஒற்றை வாக்கின் எடை: புதுச்சேரி வாக்குப்பெட்டியின் வரலாறு

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றப் பொதுத்தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு தமிழகத்திலும் புதுச்சேரியிலும் அன்றுதான் நடைபெற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு, பாடம் முடிந்து எழுந்தபோது காரைக்காலைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். "ஹஜ்ரத், ஊருக்குப் போக 130 கிலோமீட்டர், திரும்பவும் அதே தொலைவு. பத்து இலட்சம் பேர் உள்ள தொகுதியில் என் ஒரு ஓட்டு என்ன செய்துவிடப் போகிறது? ஜனாஸாத் தொழுகையைப்போல் ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்மீது கடமை நீங்கிவிடாதா?" என்று கேட்டார்.

கேள்வி நகைப்புக்குரியதன்று. ஃபிக்ஹு கற்ற மாணவர் தமக்குத் தெரிந்த அளவுகோலைக்கொண்டு ஓர் உலகியல் கடமையை அளந்து பார்க்கிறார். அவர் கணக்கிலும் பிழையில்லை. அத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் வெ. வைத்திலிங்கம் 1,36,516 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாணவர் போயிருந்தாலும் போகாதிருந்தாலும் முடிவு மாறியிராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் 2008-இல் இராஜஸ்தானின் நாத்துவாராவிலும் சட்டமன்றத் தேர்தல்கள் ஒரே ஒரு வாக்கில் முடிவாயின. 1999 ஏப்ரல் 17-இல் மத்திய அரசே மக்களவையில் ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆயினும் இவை அரிதினும் அரிதானவை. அரிதானவற்றின்மீது ஒரு பொதுக்கடமையைக் கட்டியெழுப்ப முடியாது.

அப்படியாயின் வேறு காரணம் உண்டா? உண்டு என்பதற்குப் புதுச்சேரியின் வரலாறே சான்று. இந்தியத் துணைக்கண்டத்தில் வாக்குரிமையை மிக முன்னதாகப் பெற்ற ஊர்களுள் இதுவும் ஒன்று. அவ்வுரிமை பெயரளவில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதையும் மிக முன்னதாகக் கண்ட ஊர் இதுவே.

உரிமை வந்த வழி

1848-இல் பிரான்சில் முடியாட்சி வீழ்ந்து இரண்டாம் குடியரசு தோன்றியது. ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கொள்கை கடல் கடந்து பிரெஞ்சிந்தியாவையும் எட்டியது. பாரிஸ் மன்றத்திற்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை இங்குள்ளோர்க்கு வழங்கப்பட்டது; அடுத்த ஆண்டே அது பறிக்கவும் பட்டது. பின்னர் மூன்றாம் குடியரசு அமைந்தபோது, 1871-இல், அவ்வுரிமை மீண்டது. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளும் சேர்ந்து ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தன. எல்லைக்கு அப்பால் கடலூரிலும் விழுப்புரத்திலும் வாழ்ந்த உழவர் எவரும் இலண்டன் நாடாளுமன்றத்திற்கு வாக்களிப்பதைக் கனவிலும் கருதாத காலம் அது. 1880-இல் நகராட்சிகளும் அமைந்தன. மக்கள் இன்றும் 'மேரி' என்று வழங்கும் நகர மன்றம் அக்காலத்தின் நினைவாகும்.

ஏட்டளவில் இது பெரும் பேறு. ஆனால் உரிமையுடன் வேறுபாடும் உடன் வந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்போர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னோடி. காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873-இல் தண்டிக்கப்பெற்றுப் பாரிஸ் வரை வழக்காடி வென்றவர் அவரே. 1884-இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்பட்டியலில் ஐரோப்பியரும் அவர்தம் வழித்தோன்றல்களும், இரண்டாவதில் துறந்தோரும், மூன்றாவதில் ஏனைய இந்தியர் அனைவரும் இடம் பெற்றனர். ஷரீஅத் சட்டத்தைக் கைவிட மனமில்லாத முஸ்லிம்கள் பெரும்பான்மை இந்துக்களோடு மூன்றாம் பட்டியலில் அமைந்தனர். உள்ளாட்சி மன்றங்களில் சில நூறு ஐரோப்பியர்க்கு எவ்வளவு இடங்களோ, அவ்வளவே பல்லாயிரம் பேர் கொண்ட மூன்றாம் பட்டியலுக்கும். 1899-இல் மூன்று பட்டியல்கள் இரண்டாயின. பட்டியல் முறை அடியோடு ஒழிந்து, பெண்களும் வாக்குப் பெற்றது 1945-இல்தான்.

வாக்கு இருந்தது, வாக்காளர் இல்லை

பாரிஸ் பிரதிநிதியைத் தேர்வதில் மட்டும் எல்லா வாக்கும் சமம். எனவே எண்ணிக்கையில் மிகுந்த மூன்றாம் பட்டியலை எவர் கையில் வைத்திருந்தாரோ, அவரே பிரதிநிதியை ஆக்கவும் அழிக்கவும் வல்லவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அத்தகைய ஆற்றலோடு விளங்கியவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். பிரான்சிலிருந்து போட்டியிட்ட வேட்பாளர்கள் இவ்வூர் மக்களைவிட இவ்வூர்த் தலைவர்களின் தயவையே நாடினர். 1871 தொடங்கி 1945 வரை இங்கிருந்து தேர்வானோரில் ஓர் இந்தியரும் இல்லை. 1945-இல் தேர்வான தெய்வ ஜீவரத்தினமே அவ்வகையில் முதல்வர்.

1914-ஆம் ஆண்டுத் தேர்தல் இம்முறையின் தன்மையை விளக்கப் போதுமானது. அவ்வாண்டு பால் ரிஷார் என்னும் பிரெஞ்சு அறிஞர் போட்டியிட்டார். அப்போது புதுச்சேரியில் தங்கியிருந்த அரவிந்தரும் பாரதியாரும் அவரை ஆதரித்தனர். பதவியிலிருந்த பால் புளூய்சன் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற, ரிஷாருக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்டவை முந்நூற்றுக்கும் குறைவு. இதையொத்த நிகழ்ச்சி 1951-இலும் நேர்ந்தது. ஐந்தாண்டுகள் பாரிஸ் மன்றத்தில் பிரதிநிதியாக இருந்த லம்பேர் சரவான் மீண்டும் நின்றார். எதிர்த்து நின்ற எத்துவார் குபேர் தொண்ணூறாயிரம் வாக்குகளைப் பெற்றார் என்றும், சரவான் பெற்றவை இருநூற்றுக்கும் குறைவு என்றும் முடிவு வெளியாயிற்று. பதவியிலிருந்த ஒருவருக்கு ஒரு தெருவின் ஆதரவுகூடவா இல்லாமற் போகும்? இவ்வெண்கள் மக்களின் மனத்தைக் காட்டவில்லை. எண்ணியவரின் கையைக் காட்டுகின்றன.

இம்மோசடிக்கு மூலப்பொருள் யாது என்பதே நம் கேள்விக்கு உயிரானது. பட்டியலில் பெயர் இருந்தும் வாக்குச்சாவடிக்கு வராதவர்கள், இறந்தவர்கள், வெளியூர் போனவர்கள். இவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பிறர் நிரப்பினர். என் பாட்டனார் சிறு துணி வணிகர். புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலரையும்போல் சில ஆண்டுகள் சைகோனில் கடை வைத்திருந்தார். திரும்பி வந்தபின், தாம் ஊரில் இல்லாத காலத்தில் நடந்த தேர்தல்களிலும் தம் பெயருக்கு நேரே வாக்களித்ததாகக் குறி இடப்பட்டிருந்ததை அறிந்தார் என்று என் தந்தையார் சொல்வதுண்டு. "நான் கப்பலில் இருந்தேன், என் ஓட்டு மட்டும் ஊரில் இருந்தது" என்று அவர் சிரிப்பாராம். அச்சிரிப்பில் கசப்பும் கலந்திருந்தது எனத் தந்தையார் சேர்த்துக்கொள்வார். அதன்பின் ஊரிலிருந்த காலத்திலும் பாட்டனார் வாக்களிக்கப் போகவில்லை. மோசடியால் மனம் வெறுத்து அவர் விலகினார். அவர் விலகியதால் மோசடி மேலும் எளிதாயிற்று. இச்சுழற்சியே முக்கால் நூற்றாண்டுத் தேர்தல் வரலாற்றின் சாரம்.

வாக்குப்பெட்டி அடைபட்டபோது மக்கள் வேறு வழி தேடினர் என்பதும் உண்மை. 1936 ஜூலை 30-இல் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் பயனாக 1937-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. வாக்கினால் கிடைக்காதது குருதியினால் கிடைத்தது. "தேர்தலால் என்ன கிடைத்தது?" என்று கேட்போர் இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் பன்னிரண்டு உயிர்களின் விலையையும் உடன் கணக்கிட வேண்டும். மெய்யான வாக்கு மலிவானது என்பதை அதன் இன்மையே உணர்த்துகிறது.

சந்திரநாகூரும் கீழூரும்

ஒரு மக்கள் கூட்டத்தின்முன் வரக்கூடிய கேள்விகளில், எந்த நாட்டைச் சேர்வது என்பதைவிடப் பெரியது இல்லை. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் அக்கேள்வியை மக்களிடமே விடுவதாக அறிவித்தன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய 7,473 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தனர். கங்கைக்கரையின் அச்சிற்றூரில் அன்று வாக்களித்த ஒவ்வொருவரும் நாட்டின் எல்லையை வரைவதில் தம் கையும் இருந்ததென்று சொல்லிக்கொள்ளலாம்.

புதுச்சேரியிலோ அவ்வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1951-இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள் வாக்காளர் பட்டியலின் குறைகளையும் வன்முறைச் சூழலையும் கண்டு, நேர்மையான வாக்கெடுப்புக்கு இடமில்லை எனக் கருதினர். அதாவது, பல தலைமுறைகளாகக் கெடுக்கப்பட்ட பட்டியல், மிகவும் தேவைப்பட்ட நாளில் பயன்படாமற் போயிற்று. 1954 மார்ச்சில் குபேர் முதலானோர் இணைப்பின் பக்கம் திரும்பினர். இறுதியில் 1954 அக்டோபர் 18-இல், வில்லியனூர் வட்டத்துக் கீழூரில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-இல் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது.

கீழூர் முடிவு மக்களின் விருப்பத்துக்கு மாறானது என்று நான் சொல்ல வரவில்லை. இணைப்பை மிகப் பெரும்பாலோர் விரும்பினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் முன்னோரின் வாழ்வில் நேர்ந்த மிகப் பெரிய தீர்ப்பில் அவர்கள் தம் கையால் ஒரு சீட்டும் இடவில்லை. மாணவர் கேட்ட சொல்லிலேயே சொல்வதானால், கீழூரில் 178 பேர் ஊர் முழுவதற்குமாகக் 'கிஃபாயா' நிறைவேற்றினர்.

இணைப்புக்குப் பின்

1963 ஜூலை முதல் நாள் புதுச்சேரிச் சட்டமன்றம் அமைந்தது. 1964-இல் அதற்குப் பொதுத்தேர்தல் நடந்தது. 1967-இல் மக்களவைக்கு இங்கு நேரடித் தேர்தல் நடைபெற்றது. அதே ஆண்டு எம்.ஓ.ஹெச். ஃபாரூக் மரைக்காயர் தமது 29-ஆம் வயதில் முதலமைச்சரானார். பின்னர் 1991, 1996, 1999 ஆகிய மூன்று தேர்தல்களில் புதுச்சேரி முழுவதற்குமான மக்களவை உறுப்பினராக வென்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர். தம் சமூகத்தாரின் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் அவர் பிணைத்தொகையையும் மீட்டிருக்க முடியாது. எண்ணிக்கையில் சிறியவர்கள் வாக்களித்துப் பயனில்லை என்போர் இவ்வரலாற்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அவரை வெல்ல வைத்தோர் பெரும்பாலும் பிற சமயத்தவரே. அவர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தனர். எல்லாரோடும் கலந்து நாமும் சென்றோம்.

குறைகள் நீங்கிவிடவில்லை. சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 30 பேர். இவர்களோடு மத்திய அரசு நியமிக்கும் மூவர் வரை வாக்குரிமையுடன் அமரலாம் என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உள்ளாட்சியின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 1880-இலேயே நகராட்சி கண்ட இவ்வூரில் 1968-க்குப்பின் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆயின. 2006-இல் தேர்வானோரின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவிக்கப்பட்டும், வழக்கு காரணமாகத் தேர்தல் நடைபெறவில்லை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் பழைய வடிவிலேயே கட்டப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டது. கடற்கரையில் மண்டபம் எழுந்தது. அதில் அமரவேண்டிய தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அன்று இல்லை. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நின்ற அனுபவம் இவ்வூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. வாக்கு இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதை அறிய நாம் பிரெஞ்சுக்காலம் வரை போக வேண்டியதில்லை.

கிஃபாயாவா, ஐனா?

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஜனாஸாத் தொழுகை சிலர் தொழுதால் மற்றவர்மீது கடமை நீங்குவது, அங்கு நிறைவேற வேண்டிய செயல் ஒன்றே என்பதால். வாக்கு அத்தகையதா? முஃப்தி முஹம்மது ஷஃபீ (1897–1976) அவர்கள் வாக்கை மூன்று கோணங்களில் விளக்கினார்கள்: அது ஒருவரின் தகுதிக்கு அளிக்கும் ஷஹாதத் என்னும் சாட்சியம், அவருக்காகச் செய்யும் ஷஃபாஅத் என்னும் பரிந்துரை, நம் சார்பில் செயற்பட அவரை நியமிக்கும் வகாலத். இம்மூன்றில் சாட்சியத்தைக் கிஃபாயா என்று வாதிடலாம். போதிய சாட்சிகள் வேறு இருப்பின் ஒருவர் விலகலாம் என ஃபிக்ஹு நூல்கள் இடம் தருகின்றன. ஆனால் வகாலத் அத்தகையதன்று. என் வக்கீலை நானே நியமிக்க வேண்டும். நான் அனுமதிக்காமல் பக்கத்து வீட்டார் எனக்காக நியமிக்க முடியாது. என் சம்மதம் என்னிடம் மட்டுமே உள்ளது.

கிஃபாயா என்றே கொண்டாலும் கேள்வி தீரவில்லை. பிறர் நிறைவேற்றினர் என்ற உறுதி இருந்தால்தான் கடமை நீங்கும். 'பிறர் பார்த்துக்கொள்வர்' என ஒவ்வொருவரும் எண்ணி, எவரும் செய்யாதொழிந்தால் அனைவருமே குற்றவாளிகள். என் பாட்டனார் காலத்தில் அந்தப் 'பிறர்' யார் என்பதையும், அவர்கள் எதை நிறைவேற்றினர் என்பதையும் மேலே கண்டோம்.

இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலும் நமக்கொரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) உமர் (ரலி) அவர்கள் தமக்குப்பின் கலீஃபாவைத் தேர அறுவர் குழுவை அமைத்தார்கள். முடிவு அவ்வறுவர் கையில்தான் இருந்தது. ஆயினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் உறக்கம் துறந்து மதீனாவைச் சுற்றி, தலைவர்களையும் எளியோரையும், வீட்டினுள் இருந்த பெண்களையும், ஓதும் சிறுவர்களையும், ஊருக்கு வந்த பயணிகளையும் கருத்துக் கேட்டதாக இப்னு கதீர் பதிவு செய்கிறார். ஒரு சிறுவனின் சொல் முடிவைத் திருப்பிவிடும் என அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். கேட்கப்படாத குரல் இருக்கலாகாது என்றே நினைத்தார்கள்.

தகுதியுடையோர் எவரும் போட்டியில் இல்லை எனக் கருதுவோர்க்கு வீட்டில் இருப்பதும் ஒரு கருத்தாகத் தோன்றலாம். ஆனால் உறங்கியவரின் மௌனமும் ஒறுத்தவரின் மௌனமும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அவ்வேறுபாட்டைக் காட்டவே 2013 முதல் 'நோட்டா' பொத்தான் இருக்கிறது.

ஆக, ஒற்றை வாக்கு வெற்றி தோல்வியை முடிவு செய்யாது; அதன் எடை வேறிடத்தில் உள்ளது. பட்டியலில் உள்ள என் பெயர் என்னுடையதுதான் என அது நிலைநாட்டுகிறது. என் இடத்தைப் பிறர் நிரப்பாமல் காக்கிறது. இவ்விரண்டும் பத்து இலட்சம் பேரில் ஒருவராலும் செய்யத்தக்கவை; அவரைத் தவிர வேறெவராலும் செய்ய முடியாதவை.

அம்மாணவர் வியாழன் இரவுப் பேருந்தில் காரைக்கால் சென்றார். காலையில் வாக்களித்து, அங்கேயே ஜும்ஆ தொழுது, சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பினார். மை இட்ட விரலைக் காட்டி, "பதிவேட்டில் என் பெயருக்கு நேரே நானே கையெழுத்துப் போட்டேன், ஹஜ்ரத்" என்றார். என் பாட்டனாருக்குக் கிட்டாதது அது.

தேர்தல் நெருங்கும்போது மட்டும் இது பற்றிப் பேசுவது பயன் தராது. பட்டியல் திருத்தம் நடைபெறும் காலங்களிலேயே வீட்டிலுள்ளோர் பெயர்கள் சரியாக உள்ளனவா, இறந்தோர் பெயர்கள் நீக்கப்பட்டனவா, பதினெட்டு வயது நிரம்பிய பெண்பிள்ளைகளின் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா எனப் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பொறுப்பு. ஜமாஅத்தினர் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். புதுச்சேரி தன் வாக்கை இழந்தது தேர்தல் நாளில் அன்று. பட்டியலைக் கவனியாது விட்ட நாட்களில்தான்.